ஒன்பதால் வகுபடும்

ஓலெசுண்டில் டிசம்பர் முப்பத்தொன்று.
மதியம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
குளிர்கிடங்கில் மைனஸ் இருபத்திரண்டு.
பேனா அங்கே எழுதாது,
பென்சிலைத்தான் நம்ப வேண்டும்.

சுன்னிவா எண்ணினாள். நான் எழுதினேன்.
ஒருவர் வாய், ஒருவர் கை;
எங்கள் தணிக்கை வழக்கம் அப்படி.
அவள் சேர்ந்து நான்கு மாதம்,
நான் சேர்ந்து பதினோரு வருடம்.
உறைந்த காட் மீன், பேலட் மேல் பேலட்,
கூரை வரைக்கும்.
முன்வரிசைக்குப் பின்னால் வெறும் இடமோ என்று
அவள் ஏணி கேட்டாள்.
கிடங்குக்காரர் சிரித்தார்: "நம்பிக்கை இல்லையா?"
"இருக்கிறது. ஏணியும் வேண்டும்."

பிப்ரவரி, கோப்பு மூடும் வாரம்.
அவர்கள் ஏட்டில் இருநூற்று இருபத்தொன்று.
எங்கள் தாளில் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்பது பேலட் மீன்
எந்தக் கடலுக்குத் திரும்பிப் போனது?

கூட்டத்தில் டூர்கெய்ர் கேட்டார்:
"யார் எண்ணியது?"
யார் எழுதியது என்று கேட்கவில்லை.
எல்லாக் கண்ணும் அவள் பக்கம் சாய்ந்தது.
"பார்த்ததைத்தான் சொன்னேன்" என்றாள்.
நான் காபிக் கோப்பையின் அடியில்
எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

கணக்கெழுதும் எவருக்கும் தெரியும்:
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
இரண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.
வாய் மாற்றவில்லை. கை மாற்றியது.
அந்த நிமிடமே தெரியும் எனக்கு.

வசந்தத்தில் என்னைப் பங்காளி ஆக்குவதாகப் பேச்சு.
கதவுக் கண்ணாடியில் என் பெயருக்கு
இடம்கூட அளந்தாயிற்று.
நன்மதிப்பு என்று ஐந்தொகையில் ஒரு வரி உண்டு,
நிறுவனத்தை விற்கும்போதுதான் அதற்கு விலை வரும்.
அதுவரை அது எங்கே இருக்கிறது என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.

முதல் நாள், அவள் மின்னஞ்சல்கள் நீண்டன:
ஒவ்வொன்றிலும் தேதி, மணி, சாட்சி.
மறுநாள் இன்னொருவன் தன் தாள்களைப்
படமெடுத்து வைத்துக்கொண்டான்.
பிரிண்டர் அருகே பேச்சு தாழ்ந்தது.
அடுத்தவர் புத்தகத்தில் பொய் தேடும் தொழிலில்
எங்களுக்குள் ஆதாரம் சேர்க்கத் தொடங்கியிருந்தோம்.

மூன்றாம் நாள் மாலை,
கடைசிப் படகின் விளக்கு வளைகுடாவைக் கடக்கையில்
அவள் மேசைக்குப் போனேன்.
"நான்தான். மாற்றி எழுதிவிட்டேன்."

அவள் இழுப்பறையைத் திறந்தாள்.
கிழித்த அட்டைப்பெட்டி மூடி ஒன்று,
அதில் ஐந்தைந்தாகக் கோடுகள்,
இருநூற்று இருபத்தொன்று.

"ஏன் காட்டவில்லை?"
"நீ சொல்வாய் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றாள்.
"ஒன்று. இரண்டு. மூன்று."

டூர்கெய்ரிடம் சொன்னபோது
"ம்" என்றார். அவ்வளவுதான்.
ஒரு வாரம் கழித்து, பட்ஜெட் கூட்டத்தின் நடுவில்,
எதற்கும் சம்பந்தமில்லாமல்:
"ஒரு தடவை வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமலே
'சரி' போட்டிருக்கிறேன்.
பிறகு பிரித்தேன். சரியாகத்தான் இருந்தது.
இருந்தாலும்."
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்தோம்.
அன்று மாலை மூன்று பேர்
தங்கள் பழைய கோப்புகளைத் தாங்களே திறந்தார்கள்.

வசந்தம் வந்தது. கதவில் என் பெயர் ஏறவில்லை.
அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.
காரணம் இதுதானா, நான் கேட்கவில்லை.
சுன்னிவா என்னை மன்னித்தாளா,
அதையும் கேட்கவில்லை.

மறுபடி டிசம்பர். அதே கிடங்கு, அதே ஏணி.
"நூற்றுத் தொண்ணூற்று நான்கு" என்கிறாள் மேலிருந்து.
"நூற்றுத் தொண்ணூற்று நான்கு" என்கிறேன்.
இருவர் மூச்சும் புகையாகி நடுவில் கலைகிறது.
இறங்கி வருகிறாள்.
தாளை அவள் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன்.
கையுறை விரலை ஒவ்வொரு இலக்கத்திலும் வைத்து
நிதானமாகப் படிக்கிறாள்.

கால் மரத்துப்போகிறது.
படிக்கட்டும்.